துப்பாக்கிக் குழாயும் ஒரு முழம் வேட்டியும்

முஜிபுர் ரஹ்மானின் துப்பாக்கிக் கடையில் என் ரைஃபிளைக் கொடுத்தால் நான் பக்கத்திலேயே நிற்பேன். கண்ணை எடுக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் காட்டுகிறேன். அவர் ஒரு திருகாணியைக்கூட மாற்றி வைத்ததில்லை. இருந்தாலும் நிற்பேன்.

"உக்காருங்கண்ணே, துப்பாக்கி எங்கயும் ஓடாது" என்பார்.

"துப்பாக்கி ஓடாது பாய். அதுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் ஓடும்" என்பேன். சிரிப்பார்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார். ஆரிஃபா இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்கிற பெண். ஒரு கறுப்பு ஒயரைக் குழாய்க்குள் விட்டாள். ஒயர் நுனியில் உளுந்து அளவுக்கு ஒரு கேமரா. அது பார்ப்பது அவள் செல்லில் தெரிந்தது. வளைந்து வளைந்து போகிற பள்ளங்கள், அதன் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் துரு.

"இது என் குழாயோட படம்தான்னு என்ன நிச்சயம்? போன வாரம் வந்தவனோடதா இருந்தா?"

"அந்தப் பக்கம் உங்க விரலை வச்சு மூடுங்க தாத்தா."

வைத்தேன். செல்லில் ஒரு விரல் நுனி வந்து நின்றது. ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு. என்னுடையதுதான்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பேங்க் வாசலில் கன்மேன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, சொந்த லைசென்சில் த்ரீ-ஒன்-ஃபைவ் அளவுக் குழாயுள்ள ஒரு ரைஃபிள் வாங்கினேன். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் என்னை வைத்திருப்பது என் முகத்துக்காக இல்லை, அந்த ரைஃபிளுக்காக. துப்பாக்கி இருந்தால் ஒரு சம்பளம், தடி இருந்தால் அதில் பாதி. அறுபத்தெட்டு வயசுக்காரன் கையில் தடியைக் கொடுத்து வாசலில் உட்கார வைக்க எவனுக்கும் ஆசை கிடையாது. லைசென்ஸ் அடுத்த மாசம் முடிகிறது. புதுப்பிக்கத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது தேறாவிட்டால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாவிட்டால் என் நாற்காலி இல்லை.

இந்தத் துரு ஸ்டேஷனில் வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். பேங்க் ஆளுக்கு விலக்கு உண்டு என்பார்கள். அந்தக் காகிதம் நம் கைக்கு வருவதற்குள் ஜெயித்தவன் பதவி ஏற்றிருப்பான். இந்தத் தடவை மூன்று மாசம் உள்ளே இருந்தது. திருப்பி வாங்கி வந்து பார்த்தால் குழாய் கெட்டுப் போயிருந்தது. நேராக ஸ்டேஷனுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் மனு எழுதுகிறவனிடம் சொல்லி, 'துப்பாக்கி அறையைப் பொறுப்பில் வைத்திருந்த ஏட்டு பாக்கியமேரியின் அஜாக்கிரதையால் என் துப்பாக்கி துருப்பிடித்தது' என்று இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுத்தேன். அந்தம்மாவுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கொடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

முஜிபுர் பாய் பித்தளைப் பிரஷ்ஷைக் குழாயில் விட்டு ஒரு இழு இழுத்தார். துருவோடு ஒட்டியிருந்த ஒரு சின்னக் கட்டி சிவப்பும் கறுப்புமாக வந்து விழுந்தது. ஊசியால் பிரித்துப் பேப்பர் மேல் பரப்பினார். துணி. ஓரத்தில் பச்சைக் கரை.

"இது என்னண்ணே?"

"குப்பை. ஸ்டேஷன்ல எவனாவது அடைச்சிருப்பான்."

ஆரிஃபா குனிந்து பார்த்தாள். "வேட்டிக் கரை மாதிரி இருக்கு தாத்தா."

பாய் அந்தக் கரையைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். நான் அன்றைக்கும் பச்சைக் கரை வேட்டிதான் கட்டியிருந்தேன். எப்போதும் அதுதான் வாங்குவேன், ஜோடி ஜோடியாக.

அடைத்தது நான்தான். அதற்கு முந்தின தேர்தலில் துப்பாக்கி திரும்பி வந்தபோது வெடிமருந்து வாசனை அடித்தது. எவனோ என் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்திருக்கிறான் என்று பட்டது. இல்லாமலும் இருக்கலாம். எனக்குப் பட்டது, அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை கொடுப்பதற்கு முன்னால் கொடியில் காய்ந்த வேட்டியில் ஒரு முழம் கிழித்து உள்ளே திணித்து, வாயில் மெழுகு உருக்கி ஊற்றி, மேலே ஏழு முடிச்சுப் போட்டு நூல் கட்டிக் கொடுத்தேன். எவன் தொட்டாலும் தெரிந்துவிடும். வேட்டி சரியாகக் காயவில்லை என்பது கையில் தெரிந்தது. துப்பாக்கியை வாங்கிப் போகப் போலீஸ் ஜீப் தெருமுனையில் நின்றது. அவசரம். பட்டாளத்தில் குழாயை அடைத்து வைத்தவன் முதுகில் மூட்டையைக் கட்டி மைதானத்தைச் சுற்ற விடுவார்கள். தெரிந்தேதான் செய்தேன். திரும்பி வாங்கும்போது ஏழு முடிச்சும் அப்படியே இருந்தது. இழுத்ததில் கரைப் பக்கம் ஒரு துண்டு கிழிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. மீதியைப் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"சரி, இப்ப என்ன செய்யலாம் சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டு வழி" என்றார் பாய். "குழாயை மாத்தலாம். கம்பெனியில இதே அளவுக்குப் புதுக் குழாய் கிடைக்கும். ஆனா உங்க நம்பர் அடிச்சிருக்கிறது இந்தக் குழாய்லதான். புதுசுல வேற நம்பர். கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், பழைய குழாயை ஒப்படைக்கணும்."

"என் இரும்பை நான் எதுக்கு ஒப்படைக்கணும்? இன்னொரு வழி?"

"போர் அடிக்கிறது, அதாவது உள் துளையச் சீவிப் பெருசாக்கறது. அத நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்? பம்புசெட் என்ஜின் தேய்ஞ்சா போர் அடிச்சுப் பெரிய பிஸ்டன் போடறோம். தண்ணி இறைக்கலையா? அந்த மாதிரி குழாயை ஒரு நூல் அளவு பெருசாக்கிட்டு, பெரிய தோட்டா போட்டுக்கறேன்."

ஆரிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "என்ஜின் பிளாக் தடிமனா இருக்கும் தாத்தா. இது முன்னாடி போகப் போக மெலிசு. உள்ள இருந்து சீவினா இன்னும் மெலிசாயிடும். சுடும்போது பிளந்துச்சுன்னா உங்க இடது கைதான் முதல்ல போகும். அதோட குண்டை நேராப் போக வைக்கிற இந்தச் சுருள் பள்ளம் எல்லாம் போயிடும், திரும்ப வெட்டணும். அதுக்கு மெஷின் இங்க இல்ல. வெட்டினாலும் பரிசோதனைக்கு அனுப்பணும். லைசென்ஸ் புக்ல த்ரீ-ஒன்-ஃபைவ்னு இருக்கு, அதையும் மாத்தணும். பெரிய தோட்டாவ உங்களுக்கு எந்தக் கடையிலும் தர மாட்டாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு ஆபீஸா?"

"துப்பாக்கின்னா அப்படித்தாண்ணே" என்றார் பாய். "மாத்திடுங்க. மனுவ ஆரிஃபா எழுதித் தரும்."

புதுக் குழாய் விற்றால் அவருக்கு லாபம். அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ரைஃபிளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அரியமங்கலம் போனேன். என் மச்சான் பூவரசன், என் வீட்டுக்காரி வேலம்மாளின் தம்பி, அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறான். துரு எப்படி வந்தது என்று கேட்டான், வேட்டியை அடைத்ததை அவனிடம் மட்டும் சொன்னேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கா மாமா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? காலையில மாட்டினா மதியம் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடுவேன். கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்."

"சுருள் பள்ளம் போயிடுமாம்."

"போகட்டுமே. பேங்க் வாசல்ல என்னைக்காவது சுட்டிருக்கீங்களா?"

இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. தோளிலிருந்து இறக்கியதே நாலு தடவைதான். அதில் ஒன்று நாய்க்காக.

"ஆபீஸ்ல என்ன பாப்பான்? நம்பர் சரியா இருக்கா, உள்ள பளபளன்னு இருக்கா, அவ்வளவுதான். பெருசாச்சா சிறுசாச்சான்னு எவன் அளந்து பாக்கப் போறான்? உங்க நம்பர் உங்க குழாய்லயே இருக்கும். மனு கிடையாது, அனுமதி கிடையாது. அக்காவுக்கும் நிம்மதி."

"சுட முடியாதே?"

"சுடற மாதிரி உக்காந்திருங்க. இவ்வளவு நாளும் அதத்தானே செஞ்சீங்க?"

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது வரச் சொன்னான். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை பேங்க் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பொம்பிளை வந்து என் முன்னால் நின்றாள். சாதாரணப் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. யூனிபார்ம் இல்லாததால் உடனே பிடிபடவில்லை.

"ஐயா, நான் பாக்கியமேரி. ஸ்டேஷன்ல கன் ரூம் சார்ஜ்."

"தெரியுது. மனுவ வாபஸ் வாங்கச் சொல்லி வந்தீங்களா? வாங்க மாட்டேன்."

"அதுக்கு வரலைங்க. ஒண்ணு கேக்கணும்." கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். "மெமோவுக்குத் திங்கக்கிழமைக்குள்ள பதில் எழுதணும். எஸ்.எஸ்.ஐ. புரமோஷன் லிஸ்ட்ல என் பேரு இருக்கு, இது முடிஞ்சாத்தான் உண்டு. மொத்தம் அறுபத்திமூணு துப்பாக்கி இருந்துச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே எண்ணெய்த் துணி விட்டுத் துடைச்சேன். எங்கப்பா தொட்டியத்துல வாழைத் தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி வச்சிருந்தாரு, அதனால பழக்கம். உங்களோடத மட்டும் தொடலைங்க."

"ஏன்?"

"வாயில மெழுகு வச்சு நூல் கட்டியிருந்தீங்களே. ஏழு முடிச்சு. ஸ்ரீரங்கத்துக்காரர், பெருமாளுக்கு ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். நாங்களும் வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டு முடிஞ்சு வைப்போம். முடிச்சை அவுத்தா பலிக்காதுன்னு விட்டுட்டேன். மத்த துப்பாக்கி பட்டு அறுந்துடக் கூடாதுன்னு தனியா, மூலையில நிறுத்தி வச்சேன்."

ஒருத்தர் வந்து செலான் எந்தக் கவுண்டர் என்று என்னிடம் கேட்டார். கையைக் காட்டினேன். எந்தப் பக்கம் காட்டினேன் என்று தெரியவில்லை, அவர் மறுபடி வந்து கேட்டார்.

"பதில்ல அதை எழுதணும்" என்றாள் பாக்கியமேரி. "ஆனா சாமி விஷயத்த ஆபீஸ் காகிதத்துல ஏத்தினா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு தோணிச்சு. கேட்டுட்டு எழுதலாம்னு வந்தேன்."

இது ஏதோ வலை என்றுதான் முதலில் நினைத்தேன். நான் 'எழுது' என்றால் நூல் கட்டினதை ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? அவள் முகத்தைப் பார்த்தேன். போலீஸ்காரர்களை எனக்குப் படிக்கத் தெரியும். அந்த முகத்தில் ஒன்றும் மறைத்து வைத்திருக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"திங்கக்கிழமைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையை எடுத்தபோது வேலம்மாள், "தம்பி எல்லாம் சொல்லிட்டான்" என்றாள். "புது வேட்டியை எலி கடிச்சிடுச்சுன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் எலிப்பொறி வாங்கி வச்சேன். மூணு மாசமா ஒரு எலியும் விழல. இப்பத்தானே தெரியுது எந்த எலின்னு."

"வாயை மூடு" என்றேன்.

பட்டறையில் பூவரசன் லேத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். ரைஃபிளை வாங்க இரண்டு கையையும் நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"மச்சான், நீ போர் அடிச்சிட்டா உள்ள துரு இருந்ததுன்னு எவனுக்காவது தெரியுமா?"

"எவனுக்கும் தெரியாது மாமா. அதுக்குத்தானே அடிக்கிறோம்."

"நான் குடுத்த மனு?"

"அது ஸ்டேஷன்ல இருக்கும்."

"குழாயில துரு இருக்காது. மனுவுல மட்டும் இருக்கும்."

"ஆமா."

"அந்தம்மா பேர்ல."

"அட, அது அவங்க பாடு மாமா. போலீஸ்காரங்க எதுலயாவது தப்பிச்சுப்பாங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க. வேலை போச்சுன்னா நீங்களும் அக்காவும் என்ன பண்ணுவீங்க?"

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். டீ வாங்கி வந்து கொடுத்தான். குடித்தேன். எனக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்திருக்கிறான், பாவம். எனக்கு வருத்தம் அவன் மேல் இல்லை. வாசலில் துப்பாக்கியோடு ஒருத்தன் இருக்கிறான் என்று நம்பித்தான் உள்ளே பென்ஷன் வாங்குகிற கிழவிகள் நிம்மதியாக நிற்கிறார்கள். இனிமேல் நான் தோளில் மாட்டப் போவது ஓட்டைக் குழாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போலிருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமையாக அறுபத்திரண்டைத் துடைத்துவிட்டு, என்னுடையதை மட்டும் கை படாமல் மூலையில் நிறுத்தி வைத்தவளைத்தான் பொறுக்க முடியவில்லை.

"வேணாம் மச்சான்" என்று எழுந்துவிட்டேன்.

"வெளங்கிடும்" என்றான் பூவரசன். ஆனாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டு வந்து விட்டான்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே முஜிபுர் பாய் வாசலில் போய் நின்றேன். குழாய் மாற்ற மனு எழுதச் சொன்னேன். ஆரிஃபா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். பெயர், லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர்.

"மாத்தறதுக்குக் காரணம்?"

"தேய்மானம்னு போடும்மா" என்றார் பாய். "இருபத்திரண்டு வருஷக் குழாய். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"தேய்மானம் இல்ல" என்றேன். "ஈர வேட்டியைக் கிழிச்சு நான் அடைச்சேன், மெழுகு ஊத்தி நூல் கட்டினேன், அதனால துருப் புடிச்சதுன்னு போடு. ஸ்டேஷன்ல யார் மேலயும் தப்பு இல்லன்னும் போடு."

ஆரிஃபா கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே, இப்படி எழுதினா துப்பாக்கிய ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதவர்னு லைசென்சையே நிறுத்தி வச்சாலும் வைப்பாங்க. அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல?"

"தெரியும் பாய்."

"அரை மணி நேரம் யோசிச்சுட்டு வாங்களேன்."

"யோசிச்சா மனசு மாறிடும். எழுதச் சொல்லுங்க."

எழுதினாள். எழுத்துக் கூட்டி முழுசாக ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ரைஃபிளைக் கடை லாக்கரில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஸ்டேஷனில் மனுவின் நகலை இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தேன். என் பழைய மனுவை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். அந்தப் பக்கம் பாக்கியமேரி ரிஜிஸ்டரோடு நின்றிருந்தாள்.

"நூல் கட்டினது வேண்டுதலா பெரியவரே?"

"இல்லைங்க. நம்பிக்கை இல்லாம கட்டினது."

"யார் மேல?"

"உங்க எல்லார் மேலயும்தான்."

அறையில் இருந்த ஒரு கான்ஸ்டபிள் இருமினான். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "ஒரு பொம்பளை போலீஸோட பதவியையே கெடுக்கப் பாத்திருக்கீரு. உம்ம லைசென்சுக்கு நான் என்ன ரிப்போர்ட் எழுதணும்?"

"நடந்ததை எழுதுங்க சார்."

"எழுதினா சிரமம்தான்."

"எழுதுங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பின்னாலேயே பாக்கியமேரி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட மனசில் தயார் செய்துகொண்டேன்.

"அப்ப அது வேண்டுதலே இல்லையா ஐயா?"

"இல்லம்மா."

அவள் முகம் சிவந்துவிட்டது. "மூணு மாசம்! பெருக்க வர்ற அம்மாவைக்கூட அந்த மூலைக்கு விடலைங்க நான். நூல் அறுந்துடும்னு நானே பெருக்கினேன். எங்க வீட்டுல இதைச் சொன்னப்ப உங்க வேண்டுதல் பலிக்கணும்னு எங்கம்மா ஜெபம் பண்ணாங்க தெரியுமா? நீங்க எங்களத் திருடங்கன்னு நெனச்சுக் கட்டின நூலுக்கு!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மெமோ வந்த நாளிலிருந்து தூங்காததை, கொடுத்த காசுக்கு மனு எழுதுகிறவன் என்னென்னவோ சேர்த்து எழுதியிருந்ததை, மகள் ஸ்கூலில் யாரோ கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். நான் கையைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்று கேட்டேன். மகள் வயசு இருப்பாள். மூச்சு வாங்கி நிறுத்தினவள், "வெயில்ல நிக்காதீங்க, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒண்ணாம் தேதி ஏஜென்சிக்காரன் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு ஆளை ட்வெல்வ்-போர் துப்பாக்கியோடு அனுப்பினான். நாற்பது வயசு இருக்கும். என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். எனக்கு ஒரு தடியைக் கொடுத்து, பக்கத்துச் சந்தில் டூ-வீலர் நிறுத்துகிற இடத்தைப் பார்க்கச் சொன்னார்கள், அனுமதி வரும்வரை மட்டும் என்று. எத்தனை நாள் ஆகும் என்று ஆரிஃபாவிடம் கேட்டேன். தெரியாது தாத்தா என்றாள். வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறேன்.